இரண்டு பலூன்களுக்கு நடுவே

ஒரு மளிகைக் கடை. காலையில் கடை திறக்கும்போது ஒரு தடவை, ராத்திரி ஷட்டர் இறக்கும்போது ஒரு தடவை, ஆக நாளைக்கு இரண்டே தடவைதான் அங்கே ஸ்டாக் எண்ணுவார்கள். மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒருவர் வந்து, "அண்ணாச்சி, இருபது கிலோ துவரம்பருப்பு வேணும், இருக்கா?" என்று கேட்டால் அண்ணாச்சி என்ன செய்வார்? உள்ளே போய் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். காலையில் எவ்வளவு இருந்தது, பில் புத்தகத்தில் எவ்வளவு போயிருக்கிறது, மூட்டை எந்த அளவுக்குத் தொங்கிப்போயிருக்கிறது... உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டு "இருக்கு, எடுத்துக்கோங்க" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

வானிலைக்காரர்களின் பாடும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே வித்தியாசம், அவர்களுடைய கடைக்கு உயரம் 30 கிலோமீட்டர், சரக்கு முழுக்கக் காற்று. :-)

உலகம் முழுக்க சுமார் 900 இடங்களிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை (வசதி இல்லாத ஊர்களில் ஒரு தடவை) வெதர் பலூன் பறக்கவிடுகிறார்கள். ஹைட்ரஜனோ ஹீலியமோ அடைத்த ரப்பர் பலூன். அதன் அடியில் கயிறு கட்டி ஒரு சின்னப் பெட்டி தொங்கும். அதற்குப் பெயர் ரேடியோசோண்ட். விநாடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டே வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் ரேடியோவில் கீழே சொல்லிக்கொண்டிருக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் போய், வெளி அழுத்தம் குறையக் குறையப் பலூன் ஊதிப் பெருத்து, வெடித்துவிடும். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் விட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்போதுதான் உலகத்தின் வானத்தை ஒரே போட்டோவில் பிடித்தமாதிரி இருக்கும். 1957இலிருந்து அந்த நேரம் கிரீன்விச் கணக்குப்படி நள்ளிரவு 12, நண்பகல் 12. இந்தியாவுக்கு அது காலை 5.30, மாலை 5.30. அமெரிக்காவின் நடுப் பகுதிக்குக் கோடையில் காலை 7, மாலை 7. லண்டன்காரர்களுக்கு மட்டும் உச்சி வெயிலில் ஒன்று கிடைக்கிறது. கணக்கு யாருடைய கடிகாரத்தில் போடப்பட்டது என்று கேட்க வேண்டியதே இல்லை!

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? வானத்தின் மேல்தட்டு நிதானமான ஆள். பத்து கிலோமீட்டர் உயரத்தில் காலையில் பார்த்தது மாலையில் அடையாளம் தெரியாமல் மாறிவிடுவது அபூர்வம். ஆனால் தரையை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அப்படியில்லை. வெயில் ஏறினால் கொதிக்கும், வெயில் சாய்ந்தால் அடங்கும், ராத்திரியில் வேறு ஆளாகவே மாறிவிடும். மனிதர்கள் மூச்சு விடுவது, விமானம் இறங்குவது, புகை தேங்குவது, இடிமழைக்குச் சரக்கு சேருவது எல்லாம் இந்தக் கீழ்த்தட்டில்தான். பலூனோ இந்த முதல் ஒரு கிலோமீட்டரை மூன்று, மூன்றரை நிமிடத்தில் தாண்டிப் போய்விடுகிறது. அதிகம் மாறுகிற இடத்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று நிமிடம் எட்டிப் பார்ப்பது! எந்த ஆடிட்டரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பலூனுக்கு முன்னால் இருந்த கதையைக் கேட்டால் இதுவே பரவாயில்லை என்று தோன்றும். ரேடியோசோண்ட் 1929, 1930 வாக்கில் பிரான்சிலும் ரஷ்யாவிலும் பிறந்தது (ராபர்ட் பூரோ, பாவெல் மோல்சனோவ்). அதற்கு முன்பும் அதற்குப் பிறகு சில வருடங்களும் அமெரிக்காவில் காற்றாடியில் கருவி கட்டி அனுப்பினார்கள், பிறகு விமானத்தின் இறக்கையில் கட்டி அனுப்பினார்கள். விடிகாலை இருட்டில், திறந்த விமானத்தில், வானிலை மோசமோ நல்லதோ, பைலட் மேலே போக வேண்டும். 13,500 அடியைத் தொட்டால்தான் கூலி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் பத்து சதவீதம் போனஸ். காமர்ஸ் வகுப்பில் ஊக்க ஊதியத் திட்டங்கள் என்று ஒரு பாடம் வரும். உற்பத்தியைக் கூட்ட அது எவ்வளவு நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்வார்கள். இங்கே அதன் இன்னொரு பக்கம்: 1931க்கும் 1938க்கும் நடுவில் இந்த வேலையில் 12 பைலட்டுகள் இறந்துபோனார்கள். பெட்டி கட்டிய பலூன் வந்து அந்த வேலையை மூடிவைத்தது.

சரி, விஷயத்துக்கு வரலாம். காலைப் பலூன் போய்விட்டது. மாலைப் பலூனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மத்தியானம் ஒரு மணிக்குத் தலைக்கு மேலே காற்று எப்படி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பழைய வழி ஒன்று இருக்கிறது. பேப்பரும் பென்சிலும் போதும். அது அண்ணாச்சி வழியேதான்.

ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடிகாலையில் தரையை ஒட்டிய காற்று சில்லென்றும் அதற்குச் சற்று மேலே இருப்பது வெதுவெதுப்பாகவும் இருக்கும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டும், இங்கே தலைகீழ். இதை இன்வர்ஷன் என்பார்கள். பானைக்கு மூடி போட்டமாதிரி கீழே இருப்பது மேலே போக முடியாது. காலைப் பலூன் இந்த மூடியை அழகாகப் படம் பிடித்துக் கொடுத்துவிடும்.

ஒரு உதாரணக் கணக்கு. காலையில் தரையில் 18 டிகிரி, ஒரு கிலோமீட்டர் உயரத்தில் 20 டிகிரி என்று பலூன் சொல்கிறது. மேகமாகாத காற்று மேலே ஏறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும் (சரியாகச் சொன்னால் 9.8). இது இயற்பியல் விதி, பேரம் பேச முடியாது. அப்படியென்றால் தரைக்காற்று கிளம்பி ஒரு கிலோமீட்டர் உயரத்தை எட்ட வேண்டுமானால் அது கிளம்பும்போது 30 டிகிரி இருக்க வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது 20 ஆகியிருக்கும், சுற்றியிருக்கும் காற்றோடு சரிசமமாகிவிடும். ஆகவே தரை வெப்பமானி 30ஐத் தொடும் வரை கீழே இருக்கும் புகையும் ஈரமும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பதினொன்றரை மணிக்கு 30ஐத் தொட்டால் பதினொன்றரைக்கு மூடி திறந்தது என்று எழுதிக்கொள்ளலாம். மேலே யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. தரை வெப்பநிலை மணிக்கு மணி கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது.

மேக அடிவாரத்தையும் இதே பாணியில் பிடிக்கலாம். தரையின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (ஈரம் துளியாக மாறும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால், மேகம் கட்டத் தொடங்கும் உயரம் மீட்டரில் வந்துவிடும். மேலே சொன்ன ஊரில் 30 டிகிரி வெயில், பனிநிலை 22 என்றால் எட்டை 125ஆல் பெருக்க 1000 மீட்டர். அதாவது மூடி திறக்கும் அதே உயரத்தில் மேகம் கட்ட ஆரம்பிக்கிறது. அன்று சாயங்காலம் அந்த ஊர்க்காரர்கள் துணி காயப்போடும் முன் ஒரு தடவை யோசிப்பது நல்லது.

இந்தக் கணக்கைச் சும்மா பொழுதுபோக்குக்குப் போடவில்லை. ஜார்ஜ் ஹோல்ஸ்வர்த் என்பவர் 1960களில் இதே முறையை வைத்துத்தான் அமெரிக்கா முழுக்கப் புகை எவ்வளவு உயரம் வரை கலந்து கரையும் என்று வரைபடம் போட்டார். காலைப் பலூனையும் அன்றைய அதிகபட்ச வெப்பநிலையையும் வைத்து மத்தியானக் கலப்பு உயரத்தைக் கணக்கிட்டார். நகரத்துக்குக் காலை நேரக் கணக்குப் போடும்போது குறைந்தபட்ச வெப்பநிலையோடு 5 டிகிரி சேர்த்துக்கொண்டார், ஏனென்றால் பலூன் விடும் இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, நகரமோ கான்கிரீட் சூட்டில் இருக்கும். அந்த 5 டிகிரியைப் பார்த்தால் அண்ணாச்சியின் "தராசு கொஞ்சம் இழுக்கும், பாத்துப் போடு" ஞாபகத்துக்கு வருகிறது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு அனுமதி தரும் கணக்குகள் வெகுகாலம் இந்த வழியில்தான் நடந்தன.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. காலையில் எண்ணிய சரக்கு அதே கடையில் இருந்தால்தான் இது செல்லும். காற்று இருந்த இடத்தில் இருப்பதில்லையே! காலை ஏழு மணிக்குப் பலூன் பார்த்த காற்று மத்தியானத்துக்குள் இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதன் இடத்துக்கு வேறு ஊர்க் காற்று வந்து உட்கார்ந்திருக்கும், வேறு மூடியோடு, வேறு ஈரத்தோடு. அமைதியான நாளில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் அமைதியான நாளில் யாரும் கணக்கே கேட்பதில்லை. இந்த முறை எந்த நாளில் அதிகம் தேவையோ அந்த நாளில்தான் காலை வாரும்.

ராத்திரியில் இன்னொரு கூத்து. அமெரிக்காவின் பெரும் சமவெளிகளில் பொழுது சாய்ந்ததும் தரைக்காற்று அடங்கிவிடும். இலை அசையாது. ஆனால் அரை கிலோமீட்டர் உயரத்தில் தெற்கிலிருந்து ஒரு காற்று வேகம் எடுக்கும். பகலில் தரையின் உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும், இரவில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. ஆல்ஃபிரட் பிளாக்கடார் 1957இல் இதற்கு விளக்கம் எழுதினார். நள்ளிரவுக்குப் பிறகு அது உச்சத்துக்கு வரும், விடியும்போது தளர்ந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை வடக்கே சுமந்து போய் நடுநிசி இடிமழைக்குத் தீனி போடுவது இதுதான். மாலைப் பலூன் போகும்போது இது பிறந்திருக்காது, காலைப் பலூன் வரும்போது பாதி ஓய்ந்திருக்கும். இரண்டு வாட்ச்மேன்களும் டூட்டி மாற்றும் நேரம் பார்த்து வந்து போகும் திருடன் மாதிரி!

ஆகவே பலூன் இல்லாத நேரத்துக்கு வேறு கண்கள் வேண்டும். அவை என்னென்ன, அவற்றால் என்ன வித்தியாசம் என்பதைக் கருவி கருவியாகச் சொல்வதைவிட, ஒரே ஒரு நாளைப் பார்த்தால் போதும்.

1999 மே 3, திங்கட்கிழமை. ஓக்லஹோமா மாநிலம். அமெரிக்கா முழுவதற்கும் கடும் புயல் எச்சரிக்கை தரும் மையம் அந்த மாநிலத்தின் நார்மன் நகரத்திலேயே இருக்கிறது. அதாவது அன்று யாருக்கு முன்னறிவிப்பு எழுதினார்களோ அவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள், சிலருக்குச் சொந்த வீட்டுக்காரர்கள்.

காலை ஆறரை மணி அறிவிப்பில் அன்றைய ஆபத்து 'லேசானது'. அந்தப் பருவத்தில் அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் மாதிரிகளும் பெரிதாக எதையும் காட்டவில்லை. ஈரக்காற்றும் பாலைவனக் காற்றும் முட்டிக்கொள்ளும் உலர் கோட்டில் அன்று உந்துதல் பலவீனம். போதாததற்கு மேலே கீற்று மேகங்கள் படர்ந்து வெயிலை மறைத்திருந்தன. வெயில் இல்லாவிட்டால் தரை சூடாகாது, மூடி திறக்காது, புயல் கிளம்பாது. மேலே சொன்ன அதே பானை மூடிக் கணக்கு. காலைப் பலூன்களை வைத்துக்கொண்டு பார்த்தால் அவசரப்பட ஒன்றுமில்லை.

அப்போது அமெரிக்காவின் நடுப் பகுதியில் சுமார் முப்பது இடங்களில் 'விண்ட் புரொஃபைலர்' என்ற ரேடார்கள் இருந்தன. சுற்றிச் சுற்றி மழையைத் தேடும் ரேடார் அல்ல. தரையில் ஒரு கம்பி மெத்தை விரித்தமாதிரி இருக்கும். நேராக மேலே பார்த்துக்கொண்டு, மேகமே இல்லாவிட்டாலும் காற்றின் கொந்தளிப்பிலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியை வைத்துத் தலைக்கு மேலே எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்று மணிக்கு மணி சொல்லும். ஆளே வேண்டாம். (முதல் அரை கிலோமீட்டர் மட்டும் அதற்குத் தெரியாது. கிட்டப்பார்வை கோளாறு.)

நார்மனுக்கு மேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நியூ மெக்சிகோவில் டுகும்காரி என்ற சின்ன ஊர். அங்கிருந்த புரொஃபைலர், உயரக் காற்று மாதிரிகள் சொன்னதைவிடக் கணிசமாக வலுத்துக்கொண்டிருப்பதைக் காட்டியது. மேற்கே இருப்பது கிழக்கே வரும். மாலைக்குள் அந்த வேகக் காற்று ஓக்லஹோமாவின் தலைக்கு மேல் நிற்கும். கீழே தென்கிழக்குக் காற்று, மேலே வேகமான மேல்காற்று என்றானால் கிளம்பும் புயல் சுழலும். இரண்டு பலூன்களுக்கு நடுவே இந்தத் தகவலைத் தர வேறு யாரும் அந்த இடத்தில் இல்லை. மாலைப் பலூனுக்காகக் காத்திருந்தால் அது ஏழு மணிக் கணக்கில்தான் வரும்.

11.15க்கு ஆபத்து 'மிதமானது' என்று ஏற்றப்பட்டது. சரி, மேலே காற்று வரட்டும், கீழே மூடி திறக்குமா? அதற்குத் தரை நிலையங்கள். ஓக்லஹோமாவில் 1994இலிருந்தே 77 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும்படி நூற்றுக்கு மேற்பட்ட தானியங்கி நிலையங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு. அதோடு சாட்டிலைட் படம். மத்தியானம் அந்தப் படத்தில் கீற்று மேகத்தில் ஒரு கிழிசல் தெரிந்தது. அந்தக் கிழிசல் வழியாக வெயில் இறங்கிய தென்மேற்கு ஓக்லஹோமாவில் தரை சூடேறியது. மூன்றரை வாக்கில் அந்தப் பக்கத்தில்தான் முதல் புயல் மேகம் முளைத்தது. 3.49க்கு ஆபத்து 'உச்சம்'. நாலரைக்கு டொர்னேடோ கண்காணிப்பு அறிவிப்பு. 4.51க்கு முதல் டொர்னேடோ தரையைத் தொட்டது.

அன்றும் அடுத்த நாள் விடியும் முன்னும் எழுபதுக்கு மேற்பட்ட டொர்னேடோக்கள். அவற்றில் ஒன்று 6.23க்குத் தொடங்கி பிரிட்ஜ் கிரீக், மூர், ஓக்லஹோமா சிட்டியின் தெற்குப் பக்கம் என்று ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நடந்தது. 60 கிலோமீட்டர் பாதை. அருகில் போய் நின்ற நடமாடும் ரேடார் ஒன்று அளந்த வேகம் மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர். அந்த ஒரு டொர்னேடோவில் மட்டும் 36 பேர் இறந்தார்கள். எட்டாயிரம் சொச்சம் கட்டடங்கள் சேதம். ஊருக்குள் நுழையும்போது 'டொர்னேடோ எமர்ஜென்சி' என்ற, அதுவரை யாரும் பயன்படுத்தாத வார்த்தையை நார்மன் அலுவலகம் எழுதியது 6.57க்கு.

நேரங்களைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏழு மணிக் கணக்குக்கான பலூனை வழக்கப்படி ஆறு மணி வாக்கில் விடுவார்கள். அது மேலே போய் முடிக்க எட்டு மணி ஆகும். டொர்னேடோ பிறந்தது 6.23, ஓய்ந்தது 7.48. முறைப்படியான அடுத்த 'ஸ்டாக் கணக்கு' முழுசாகக் கைக்கு வருவதற்குள் சம்பவமே முடிந்துவிட்டது. அன்றைக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாமே நடுவில் போட்ட மதிப்பீட்டின் மேல் சொன்னதுதான். எட்டாயிரம் கட்டடம் நொறுங்கிய நகரத்தில் சாவு நூறுகளில் போகாததற்கு, மாலைச் செய்தியிலேயே ஊர் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'லேசானது' என்று காலையில் எழுதியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. காலைக் கணக்குக்கு அதுதான் சரியான விடை. பெருமை என்னவென்றால் காலையில் எழுதியதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் பகலில் இரண்டு தடவை திருத்தினார்கள்.

இப்போது இந்த வேலையின் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அமெரிக்காவில் 1998இலிருந்து மணிக்கு ஒரு தடவை வானத்தின் நிலையைப் புதிதாகக் கட்டும் மாதிரி வந்தது. 2012இலும் 2014இலும் அதைவிட நுணுக்கமானவை வந்தன. உள்ளே நடப்பது சாதாரணக் கணக்கின் பெரிய வடிவம்தான். போன மணிக் கணக்கிலிருந்து ஒரு அனுமானம்: இந்த உயரத்தில் 20 டிகிரி, ஆனால் 2 டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். ஒரு விமானம் கடந்து போகும்போது 22 என்கிறது, அதன் பிழை 1 டிகிரி. யாரை நம்புவது? இரண்டு பேரையும், அவரவர் யோக்கியதைக்கு ஏற்ப. பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை போட்டால் அனுமானத்துக்கு கால், விமானத்துக்கு ஒன்று. விடை 21.6. இதையே லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் சேர்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். (அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம்.)

அந்த விமான அளவுகள் தனிக் கதை. பயணிகள் விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் வெப்பநிலையையும் காற்றையும் தானாகவே அனுப்புகின்றன. பெரிய விமான நிலையத்தில் சில நிமிடத்துக்கு ஒரு விமானம் என்றால் சில நிமிடத்துக்கு ஒரு பலூன் விட்டமாதிரி. ஆனால் ஈரப்பதம் அளக்கும் கருவி மிகச் சில விமானங்களில்தான் உண்டு. இடிமழைக்கு ஈரம்தான் முதலீடு. முதலீட்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொல்லும் வரவு செலவுக் கணக்கு மாதிரி இது. 2020இல் கொரோனாவுக்காக விமானங்கள் நின்றபோது இந்த அளவுகளும் பாதிக்கும் மேல் குறைந்துபோயின. வானிலை மையங்கள் எவ்வளவு தூரம் அடுத்தவர் வண்டியில் ஓசிப் பயணம் செய்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஈரத்துக்கு ஜிபிஎஸ் கொஞ்சம் கைகொடுக்கிறது. சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னல் நீராவியைக் கடக்கும்போது துளி தாமதமாகும். அந்தத் தாமதத்திலிருந்து தலைக்கு மேலே மொத்தம் எவ்வளவு நீராவி என்று எடுத்துவிடலாம். மொத்தம் மட்டும்தான். எந்த உயரத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சாட்டிலைட்டோ மேலிருந்து பார்ப்பதால் மேகம் வந்தால் குருடு, தரையை ஒட்டிய அடுக்கு எப்போதும் மங்கல். ஐரோப்பாவுக்காக 2025 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட எம்டிஜி-எஸ்1 சாட்டிலைட், ஒரே இடத்தில் நின்றபடி ஐரோப்பாவின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரவாரியாக அரை மணிக்கு ஒரு தடவை பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. அதற்கும் மேகம் மேகம்தான்.

"இவ்வளவு தலைவலி எதற்கு? இன்னும் நாலு பலூன் விட்டால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடவும் செய்கிறார்கள். பெரிய புயல் நாட்களில் மத்தியானம் ஒரு சிறப்புப் பலூன் போகும். பெட்டியும் பலூனும் வாயுவும் சேர்ந்து ஒரு தடவைக்குச் சில நூறு டாலர்தான். செலவு பலூனில் இல்லை, அதைக் கட்டிப் பறக்கவிட்டு இரண்டு மணி நேரம் கூடவே இருக்கும் ஆளில்தான் இருக்கிறது. அதனால் ஆள் குறைந்தால் முதலில் அடிபடுவதும் பலூன்தான்.

2025இல் அதுதான் நடந்தது. அமெரிக்க வானிலைத் துறையில் ஆட்குறைப்பு. மார்ச் 20 அன்று வந்த அறிவிப்பில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலும் தெற்கு டகோட்டாவின் ராபிட் சிட்டியிலும் பலூன் நிறுத்தம். இன்னும் ஆறு ஊர்களில் நாளைக்கு இரண்டு ஒன்றாகக் குறைப்பு. டொர்னேடோ பருவம் தொடங்கும் சமயம் அது. அந்த ஆறு ஊர்களில் பன்னிரண்டு மணி இடைவெளி ஒரே நாளில் இருபத்து நான்கு மணி ஆனது.

பலூன் குறைந்தால் என்ன, விமானம் இருக்கிறதே, புரொஃபைலர் இருக்கிறதே என்று தோன்றும். அந்த ஆறில் ஒன்று நெப்ராஸ்காவின் நார்த் பிளாட். சமவெளிக்கு நடுவே ஒரு ரயில்வே ஊர். பெரிய விமானங்கள் வரிசை கட்டி இறங்கும் இடம் இல்லை. அங்கிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் வாக்கில் மெக்குக் என்ற ஊரில் டுகும்காரியில் இருந்தமாதிரியே ஒரு புரொஃபைலர் இருந்தது. அந்த ரேடார்கள் 404 மெகாஹெர்ட்சில் பேசுபவை. கடலிலும் காட்டிலும் ஆபத்தில் மாட்டியவர்களின் அபயக்குரலைச் சாட்டிலைட் கேட்கும் அலைவரிசை 406. சத்தம் அங்கே போய் இடிக்கிறது என்று, சாட்டிலைட் தலைக்கு மேல் வரும்போதெல்லாம் இவற்றை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வேறு அலைவரிசைக்கு மாற்றப் பணம் ஒதுக்கப்படவில்லை. 2014இல் அந்தச் சமவெளி வலைப்பின்னலையே மூடிவிட்டார்கள்.